மனு பார்க்கப் போகிறீர்களா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஒரு பெண் "நாளைக்கு மனு பார்க்கப் போறேன்" என்று சொன்னால், கலெக்டர் ஆபீசுக்கா என்று யாரும் கேட்பதில்லை. புழல் ஜெயிலுக்குத்தான். உள்ளே இருப்பவரைப் பார்க்க எழுதிக் கொடுக்கும் மனுவே, போய்ப் பார்ப்பதற்கும் பெயராகிவிட்டது. என் தம்பி விசாரணைக் கைதியாக 7 மாதம் உள்ளே இருந்தான். முதல் மூன்று நடையில் இரண்டு நடை அவன் முகத்தைப் பார்க்காமலே திரும்பினேன். ஒரு தடவை பேப்பரில் கோளாறு, இன்னொரு தடவை கிழமை தப்பு. இரண்டும் என் தப்புதான். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யார் வீட்டில் இப்படி நேர்ந்தாலும், ராத்திரி எட்டு மணிக்கு மேல் அக்கம்பக்கம் அடங்கியதும் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. எந்த வாசல் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 'புழல் ஜெயில்' என்று நாம் ஒரே பேராகச் சொன்னாலும் அங்கே இருப்பவை மூன்று: தண்டனை பெற்றவர்களுக்கு மத்திய சிறை 1, விசாரணையில் இருப்பவர்களுக்கு மத்திய சிறை 2, பெண்களுக்குத் தனிச்சிறை. நேற்று ரிமாண்ட் ஆனவரைத் தேடிக்கொண்டு தண்டனைச் சிறை வாசலில் நின்றால் அரை நாள் போய்விடும். பிடிபட்ட பையனுக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் அவன் சிறையிலேயே இருக்கக் கூடாது. கெல்லீஸில் இருப்பது போன்ற கூர்நோக்கு இல்லத்தில்தான் இருக்க வேண்டும். வயதுச் சான்றோடு உடனே வக்கீலைப் பாருங்கள்.

2. கைதானவரைப் பற்றி விசாரிக்க வேப்பேரி கமிஷனர் ஆபீசுக்கு ஓடாதீர்கள். 2022 ஜனவரி 1-இலிருந்து நம் பக்கத்துக்கு ஆவடியில் தனி கமிஷனரேட் வந்துவிட்டது. கைது செய்தால் வீட்டாருக்குத் தகவல் சொல்வது போலீசின் கடமை. டி.கே.பாசு வழக்கில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் இதை வரையறுத்திருக்கிறது. கைதுக் குறிப்பின் நகலை வக்கீல் மூலம் வாங்கி வையுங்கள்.

3. ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் உள்ளே இருப்பவரின் பெயர், அப்பா பெயர், போலீஸ் ஸ்டேஷன், குற்ற எண், எந்தக் கோர்ட், ரிமாண்ட் ஆன தேதி, அடுத்த வாய்தா, சிறையில் கொடுத்த கைதி எண். சிறையில் செல்வம் என்று 30 பேர் இருப்பார்கள். கைதி எண் ஒருவருக்குத்தான். செல்போனில் வைத்திருக்கிறேன் என்பீர்கள். அந்தச் செல்போன் உங்களோடு உள்ளே வராது.

4. பார்க்க வருகிறவர்கள் யார் யார் என்று உள்ளே இருப்பவர் சொன்ன பட்டியல்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. சிறைக்குள் வரும்போதே ஒவ்வொருவரும் தன்னைப் பார்க்க வரக்கூடியவர்களின் பெயரைக் கொடுக்க வேண்டும், சந்திப்பு அவர்களோடுதான் என்கிறது மத்திய அரசின் 2016 மாதிரிச் சிறைக் கையேடு. பிடிபட்ட அதிர்ச்சியில் பலருக்கு அம்மா பெயரைத் தவிர எதுவும் வாயில் வருவதில்லை. ஆகவே வக்கீல் முதல் தடவை பார்க்கப் போகும்போதே சொல்லி அனுப்புங்கள்: "மனைவி பெயர், அண்ணன் பெயர், மச்சான் பெயர் எல்லாம் ஆதார்ல இருக்கிற மாதிரியே கொடுக்கச் சொல்லுங்க சார்." இந்த ஒரு வரிக்கு நாலு நடை மிச்சம்.

5. அந்த 'ஆதார்ல இருக்கிற மாதிரி' என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், நான் முதல் தடவை சறுக்கிய இடம் அதுதான். நம் ஊரில் ஒரே பெண்ணுக்கு நாலு பெயர். வீட்டில் முனியம்மா, ரேஷன் கார்டில் முனியம்மாள், ஆதாரில் ஜி. முனியம்மாள், பேங்க் புத்தகத்தில் முனியம்மாள் கணேசன். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பிறகு கணவர் இனிஷியல். தம்பி என் வீட்டுப் பெயரைச் சொல்லியிருந்தான். நான் நீட்டிய அட்டையில் பள்ளிக்கூடப் பெயர். "இவங்க யாரு, அவங்க யாரு?" என்று கேட்டதும் எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. பெயர் இரண்டு விதமாக இருந்தால் இரண்டையும் காட்டும் ஆவணத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரிஜினல் ஒன்று, ஜெராக்ஸ் மூன்று. வாசலுக்குப் போய் ஜெராக்ஸ் கடை தேடாதீர்கள்.

6. காதல் கல்யாணம், பதிவு செய்யவில்லை, ரேஷன் கார்டிலும் பெயர் சேர்க்கவில்லை என்கிற பெண்கள் அதிகம் வருகிறார்கள். மனைவி என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. மாமியார் ஒத்துழைத்தால் பாதிக் கஷ்டம் தீரும். முதல் தடவை அவரோடு சேர்ந்தே போங்கள். பதிவுத் திருமணம் அவர் வெளியே வந்ததும் முதல் வேலையாக இருக்கட்டும்.

7. முன்பதிவு. தேசிய தகவல் மையம் நடத்தும் இ-பிரிசன்ஸ் தளத்தில் சந்திப்புக்குப் பதிவு செய்யும் பகுதி இருக்கிறது. 'முலாகாத்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம்; வடக்கே சந்திப்புக்கு அதுதான் சொல். மாநிலம், சிறை, தேதி, உங்கள் பெயர், அடையாள அட்டை எண், கைதியின் விவரம் எல்லாம் கேட்கும், போனுக்கு ஓ.டி.பி. வரும். போன் நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும். பிரவுசிங் சென்டர் தம்பி அவசரத்துக்குத் தன் நம்பரைப் போட்டுவிட்டால், அனுமதி வந்த செய்தி அவன் போனில் தூங்கும். பதிவு எண்ணைப் பிரிண்ட் எடுங்கள், நோட்டிலும் எழுதுங்கள். நேரில் போக முடியாதவர்களுக்கு வீடியோ சந்திப்பும் இதே தளத்தில்தான்.

8. இதற்குக் கட்டணம் கிடையாது. "ஐந்நூறு குடுங்க, இன்னிக்கே பார்க்க வைக்கிறேன்" என்று டீக்கடையில் ஒருவர் வந்து உட்கார்ந்தால், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

9. கிழமை. விசாரணைக் கைதிக்கு ஒரு முறை, தண்டனைக் கைதிக்கு ஒரு முறை, குண்டாஸில், அதாவது தடுப்புக் காவலில், இருப்பவருக்கு வேறு முறை. பக்கத்து வீட்டுக்காரர் போன நாளில் நீங்களும் போனால் சரியாக வராது, நான் இரண்டாம் தடவை திரும்பியது அப்படித்தான். வாசல் அறிவிப்புப் பலகையில் இருப்பதை நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அரசு விடுமுறையைக் காலண்டரில் பாருங்கள். வாய்தா அன்றைக்கு அவர் கோர்ட்டுக்கு வந்திருப்பார், அன்று சிறைக்குப் போய்ப் பலனில்லை. உடம்பு சரியில்லாமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கவும் கூடும். புறப்படும் முன் வக்கீலுக்கு ஒரு போன்.

10. ஒரு தடவைக்கு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். மாதிரிக் கையேடு சொல்லும் அளவும் அதுதான். சித்தப்பா, பெரியப்பா, ஏரியா நண்பர்கள் என்று வேன் பிடித்துப் போனால், பேச வேண்டிய மனைவிக்குக் கடைசி இரண்டு நிமிஷம்தான் கிடைக்கும். சந்திப்பு அரை மணிக்கு மேற்படாது என்று கையேடு சொல்கிறது. கூட்டமான நாளில் அந்த அரை மணியை நம்பிப் போகாதீர்கள்.

11. வழி. அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து செங்குன்றம் சாலையில் புதூர், கள்ளிக்குப்பம், சூரப்பட்டு தாண்டினால் புழல். பூந்தமல்லி, கரையான்சாவடிக்காரர்கள் வண்டி வைத்திருந்தால் மதுரவாயல் போய் பைபாஸைப் பிடிப்பது சுலபம். 2006 வரை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே மத்திய சிறை இருந்தது. ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் இறங்கி நடக்கிற தூரம். அதை மூடிப் புழலுக்கு மாற்றிய பிறகு, ரயிலை நம்பியிருந்த ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு பஸ் கூடிவிட்டது. நல்ல காற்று, விசாலமான இடம் என்பதெல்லாம் சரி. பார்க்க வருகிறவரின் கால்வலியை யாரும் திட்டத்தில் எழுதவில்லை. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் நைட் ஷிப்ட் முடித்து அப்படியே போகலாம் என்று கணக்குப் போடுவார்கள். வேண்டாம். தூக்கக் கலக்கத்தோடு போனால் பார்த்த மாதிரியே இருக்காது. ஒரு நாள் லீவு போடுங்கள்.

12. செல்போன், பென் டிரைவ், பீடி, சிகரெட், தீப்பெட்டி, ஹான்ஸ், தைல பாட்டில், பிளேடு எதுவும் பையில் இருக்கக் கூடாது. கைப்பையே கொண்டு போகாமல் இருப்பது உத்தமம். சுருக்குப்பையில் அடையாள அட்டை, பஸ் காசு, கண்ணாடி போதும்.

13. இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்: முன்பின் தெரியாதவர் தரும் பொருளை உள்ளே எடுத்துப் போகாதீர்கள். வரிசையில் நிற்கும்போது ஒரு தம்பி மரியாதையாக வந்து, "அம்மா, எங்க அண்ணனும் அதே பிளாக்தான், இந்த ரெண்டு பிஸ்கட் பாக்கெட்டையும் உங்க பையன்கிட்ட குடுத்துடச் சொல்லுங்க" என்பான். பாக்கெட்டுக்குள் பிஸ்கட் மட்டும்தான் இருக்கிறது என்று உங்களால் சத்தியம் செய்ய முடியுமா? தடை செய்த பொருளை உள்ளே கொண்டு போவது 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவில் குற்றம், சிறைத் தண்டனையே உண்டு. உள்ளே இருப்பது கஞ்சா என்றால் அது தனி வழக்கு, ஜாமீனுக்கே திண்டாட வேண்டும். பையனைப் பார்க்கப் போன அம்மா பெண்கள் சிறைக்குப் போவதா? வயதான பெண்களைத்தான் தேடி வந்து கேட்பார்கள், முகத்தைப் பார்த்து மறுக்க மாட்டார்கள் என்று தெரியும். உங்கள் அம்மாவை அனுப்புகிறீர்கள் என்றால் இதை மூன்று தடவை சொல்லி அனுப்புங்கள்.

14. சோதனை போடுவார்கள். கூச்சமாகத்தான் இருக்கும், கோபப்படாதீர்கள். ஆனால் மற்ற பார்வையாளர்கள் முன்னாலோ கைதிகள் முன்னாலோ உடம்பைச் சோதிக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. பெண்ணைப் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும். சோதனைக்கே மறுத்தால் அனுமதி மறுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

15. சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா? எல்லா அம்மாக்களும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். மீன் குழம்பை வாசலில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று அழுத ஒருவரை எனக்குத் தெரியும். சமைத்ததை எடுத்துப் போகாதீர்கள். அவர் பெயரில் சிறையில் ஒரு பணக் கணக்கு இருக்கும், பி.சி.பி. என்பார்கள். அதில் பணம் கட்டினால் உள்ளே கேன்டீனில் வாங்கிக்கொள்வார். ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். பணத்தை எந்தக் கையிலும் கொடுத்தனுப்பாதீர்கள்.

16. சர்க்கரை, பிரஷர், வலிப்பு, மனநல மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மாத்திரையை விட முக்கியம் டாக்டர் சீட்டு. சீட்டின் ஜெராக்ஸை வக்கீல் மூலம் கோர்ட்டிலும் கொடுங்கள், சிறை மருத்துவருக்கும் எழுதிக் கொடுங்கள். மாத்திரையை நேராக அவர் கையில் கொடுக்க விடமாட்டார்கள்.

17. பேசப் போவதை முந்தின ராத்திரியே நோட்டில் எழுதிப் பாருங்கள், ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். நான் எழுதிக்கொண்டு போனது ஒரு முறை இப்படி இருந்தது: அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பைக் டியூ கட்டியாச்சு. பாப்பா எல்.கே.ஜி. சேர்த்தாச்சு. வக்கீல் செவ்வாய்க்கிழமை வருவார். பல்வலி போச்சா? ஐந்தும் வீட்டு விஷயம். வழக்கைப் பற்றி அங்கே பேசாதீர்கள். பக்கத்தில் காவலர் இருப்பார். அவர் கேட்கக் கூடாதது என்று அங்கே எதுவும் இல்லை. வக்கீலோடு பேசுவதை மட்டும் அதிகாரி பார்க்கலாம், கேட்கக் கூடாது என்பது விதி. வழக்கை வக்கீலிடம் விடுங்கள். உள்ளே நடக்கும் சண்டை, மற்ற கைதிகளின் கதை, இதையும் கேட்காதீர்கள். நாம் வந்த பிறகு அங்கே இருக்கப் போகிறவர் அவர்.

18. திட்டுவதாக இருந்தால் வீட்டுக்கு வந்த பிறகு திட்டுங்கள். "உன்னால குடும்ப மானமே போச்சு" என்று பதினைந்து நிமிஷமும் அழுதுவிட்டு வந்த ஒரு அப்பா, அதன் பிறகு மூன்று வாரம் பையன் தன்னைப் பார்க்கவே வெளியே வரவில்லை என்றார். ஆமாம், சந்திக்க வர மாட்டேன் என்று கைதியும் சொல்லலாம்.

19. குழந்தையை அழைத்துப் போவதா வேண்டாமா? வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் 'குழந்தை எதற்கு' என்று ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். இந்தியாவில் குடும்பத்தைப் பார்ப்பது ஓர் உரிமை என்று அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பே ஒரு குழந்தையால் வந்தது. ஃபிரான்சிஸ் கோரலி முல்லின் என்ற பிரிட்டிஷ் பெண் 1979-இல் தடுப்புக் காவலில் டெல்லி திகார் சிறையில் இருந்தார். ஐந்து வயது மகளை மாதத்துக்கு ஒரே ஒரு தடவைதான் பார்க்க விட்டார்கள். வழக்குப் போட்டார். விசாரணைக் கைதிக்கு வாரம் இரண்டு தடவை இருக்கும்போது, குற்றமே சாட்டப்படாத தடுப்புக் காவல் கைதிக்கு மாதம் ஒன்றா என்று கேட்டு, அந்த விதியை 1981 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அடித்துப் போட்டது. மனிதராக வாழும் உரிமையில் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதும் அடக்கம் என்றார்கள் நீதிபதிகள். குண்டாஸ் போட்டுவிட்டார்கள், இனிப் பார்க்கவே முடியாதா என்று கேட்கிறவர்களுக்கு இந்த வழக்கைத்தான் சொல்வேன். குழந்தையைக் கூட்டிப் போனால் பிறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ், ஒரு பாட்டில் தண்ணீர். "அப்பா வேலைக்குப் போயிருக்கார், இது ஆபீஸ்" என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். நாலு வயதுக்கே வாசலில் நிற்கும் காக்கிச் சட்டை யாரென்று தெரியும்.

20. அம்மாவே உள்ளே இருந்தால், ஆறு வயது வரை குழந்தை அவரோடு இருக்கலாம். 2006-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிமுறை இது. அதற்கு மேல் என்றால் அம்மாச்சி, அத்தை யாராவது கூட்டிப் போய்க் காட்ட வேண்டும். ஆண்களுக்குக் கூட்டமாகப் போகிற நம் ஜனங்கள், பெண்கள் சிறைக்குப் போவது குறைவு. கணவன்மார்கள் இதைப் படித்தால் நல்லது. அம்பத்தூர்–புழல் சாலையில் அந்தச் சிறையின் தண்டனைப் பெண்களே நடத்தும் பெட்ரோல் பங்க் ஒன்று 2023 ஆகஸ்டில் திறந்தார்கள். அந்தப் பக்கம் போனால் அங்கே போட்டுக்கொள்ளுங்கள், அளவு சரியாக இருக்கிறது.

21. போன். சிறையிலிருந்து கைதி வீட்டுக்குப் பேச வசதி உண்டு. மாதம் 10 முறை, ஒவ்வொன்றும் 12 நிமிடம் வரை என்று தமிழக அரசு உயர்த்தியிருக்கிறது. பதிவு செய்த நம்பருக்குத்தான் அழைப்பு வரும். ஆகவே சிம்மை மாற்றாதீர்கள், ரீசார்ஜ் தீர விடாதீர்கள். தெரியாத நம்பர் என்று கட் பண்ணிவிட்டு அப்புறம் அழுதவர்கள் உண்டு.

22. கடிதம் எழுதுங்கள். அதிகாரிகள் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், பரவாயில்லை. பார்த்த முகம் சாயங்காலத்துக்குள் மங்கிவிடும், கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளலாம்.

23. அனுமதி மறுத்தால் கூச்சல் போடாதீர்கள். காரணம் என்ன என்று கேளுங்கள். சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. போன் எண் 15100. பாதிப் பேருக்கு இந்த எண் தெரியாது. அதனால் தாலியை அடகு வைத்து வக்கீல் தேடுகிறார்கள்.

24. தண்டனை ஆகிவிட்டால் வேறு மத்திய சிறைக்கு மாற்றலாம்: வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை. ஆவடியிலிருந்து பாளையங்கோட்டைக்கு மாதா மாதம் எந்தக் கூலிக் குடும்பம் போய்வரும்? வீட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி சிறைத்துறைக்கு மனு கொடுக்கலாம். வயதான பெற்றோர், மருத்துவச் சான்று இருந்தால் சேர்த்துக் கொடுங்கள்.

25. 'எத்தனை நாளைக்கு இப்படி அலைவது' என்று தோன்றும் நாள் வரும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனை 1991 ஜூன் 11-இல் பிடித்தபோது அவருக்கு 19 வயது. நம் பூந்தமல்லி தனிக் கோர்ட்டில்தான் 1998 ஜனவரி 28-இல் அவரையும் சேர்த்து 26 பேருக்குத் தூக்குத் தண்டனை சொன்னார்கள். 2022 மே 18-இல் அவரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. கிட்டத்தட்ட அந்த 31 வருஷமும் அவருடைய அம்மா அற்புதம்மாள் மனு பார்த்தார். வழக்கைப் பற்றி யாருக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம். ஒரு பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சிறை வாசலில் நின்ற அந்த அம்மாவின் பொறுமை மட்டும் நம் கணக்கில் வராது.

26. திரும்பி வந்ததும் பார்த்த தேதி, அவர் சொன்னது, அடுத்த தடவை செய்ய வேண்டியது, மூன்றையும் நோட்டில் எழுதிவிட்டுச் சாப்பிடுங்கள். பார்த்துவிட்டு வந்த அன்று பட்டினி கிடப்பது நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. அவர் அங்கே சாப்பிட்டிருப்பார்.

27. ஜாமீன் கிடைத்த அன்று மதியமே வாசலுக்குப் போய்க் காத்திருப்பார்கள். கோர்ட்டில் உத்தரவு ஆனாலும் ஜாமீன்தாரர் பேப்பர் சரிபார்த்து, உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர வேண்டும். மாலைக்குள் சேரவில்லை என்றால் மறுநாள் காலைதான் விடுவார்கள். வக்கீல் "போயிடுச்சு" என்று சொன்ன பிறகு கிளம்புங்கள். மாற்றுத் துணி ஒரு செட்டும், அவர் கால் அளவுக்கு ஒரு ஜோடி செருப்பும் எடுத்துப் போங்கள்.